வெயில் படாத இடம்

அது கிரீஸ் கறை என்றுதான் முதலில் நினைத்தேன்.

வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே தரையை அழுத்தி மிதிக்கிற மேட்டில், புளியங்கொட்டையில் பாதி அளவுக்கு ஒரு கறுப்பு. குளிக்கும்போது கல்லால் தேய்த்தேன். போகவில்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தேன். கம்பெனியில் படுகிற கறையெல்லாம் மண்ணெண்ணெய்க்குப் போய்விடும். இது போகவில்லை.

ஓசூரில் ஒரு மின்சாதனக் கம்பெனியில் எனக்குக் காயில் சுற்றும் வேலை. செம்புக் கம்பியை அச்சில் சுற்றும் மெஷினுக்குக் கீழே காலால் அழுத்தும் பெடல் இருக்கும். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த மெஷின் என்பதால் செருப்புக் காலோடு அதை மிதிக்க எங்களில் யாருக்கும் மனசு வராது. செருப்பை ஓரமாக விட்டுவிட்டு வெறுங்காலோடு உட்காருவோம். அதனால் உள்ளங்காலில் கறை இருப்பது ஒரு விஷயமாகவே படவில்லை.

நான் பயந்த சுபாவக்காரி. கம்பெனி சங்கு கொஞ்சம் தாமதமாக ஊதினாலே உள்ளே யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறவள். மகள் சுமதி பள்ளிக்கூடம் விட்டு வர நேரமானால் தெருமுனைவரை நாலு தடவை நடப்பவள். ஆனால் இந்தக் கறுப்புக்கு மட்டும் நான் பயப்படவில்லை. வலிக்கவில்லை, அதுதான் காரணம். இதைப் படிப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது அதுதான். வலி இல்லாததை நம்பாதீர்கள்.

மருந்துக் கடையில் காட்டியபோது கால் ஆணி என்று சொல்லி ஒட்டுப் பிளாஸ்திரி கொடுத்தார்கள். பெடல் மிதிக்கிற கால் அல்லவா, ஆணி வரத்தான் செய்யும் என்று நானும் ஒத்துக்கொண்டேன். பிளாஸ்திரி மேல்தோலைக் கரைத்தது. கறுப்பைக் கரைக்கவில்லை. தீபாவளி கழிந்த வாரம் அந்த இடம் கசிய ஆரம்பித்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியது. காலில் புண் என்றால் நெறி கட்டுவது வழக்கம்தானே என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கம்பெனி மருத்துவ அறையில் இருந்த நர்ஸம்மா கட்டுப் போடுவதற்காகப் பிரித்துப் பார்த்தார். எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிறவர், அன்று பேசவில்லை. திரும்பக் கட்டிவிட்டு, நாளைக்கே பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்படி மட்டும் சொன்னார். அப்போதுதான் முதல் தடவையாக அந்தக் கறுப்புக்குப் பயந்தேன்.

இது எண்பதுகளின் கடைசியில் நடந்தது. என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் லீவு கிடைக்கவில்லை. கெலமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கை மஞ்சுளா கூட வந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். எதற்கும் பயப்படாதவள்.

ஆஸ்பத்திரியில் பயாப்சி செய்தார்கள் (சந்தேகப்படும் இடத்திலிருந்து கொஞ்சம் சதையை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது). முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கட்டுப் போட்ட காலோடு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஓர் இளம் டாக்டரம்மா எங்களைத் தேடி வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். மேல்படிப்புக்காக ஆராய்ச்சி செய்கிறாராம். காலில் இப்படி வருகிறவர்களிடமும், கூட வருகிறவர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறாராம். பதில் சொல்ல விருப்பம் இல்லை என்றால் விட்டுவிடலாம் என்று தன்மையாகச் சொன்னார். நான் மாட்டேன் என்று சொல்வேனா? ஆறாவதோடு படிப்பை விட்டவள் நான். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கேள்வி கேட்டால் அது பரீட்சை. சரியாகப் பதில் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் என் மனசு கணக்குப் போட்டது.

முதல் கேள்வி, என் நிறம் என்ன என்பது. மாநிறம் என்றேன். மஞ்சுளாவைக் கேட்டார். அவளும் மாநிறம் என்றாள். டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மஞ்சுளா நல்ல கறுப்பு.

"ஒங்க ஊர்ல கறுப்புன்னு ஒருத்தருமே இல்லையாம்மா? கேக்குற ஆளெல்லாம் மாநிறமாவே வர்றீங்க."

"பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா அப்பிடித்தான் சொன்னாங்க மேடம். இப்ப மாத்திச் சொன்னா எங்க வீட்டுக்காரரு சண்டைக்கு வருவாரு" என்றாள் மஞ்சுளா. டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்தால் பதில் தப்பாகிவிடுமோ என்று இருந்தது.

வெயிலில் நின்றால் தோல் சிவந்து எரியுமா, கறுத்துப்போகுமா என்று கேட்டார். சிவப்பதற்கு நாம் என்ன வெள்ளைக்காரர்களா என்று நினைத்துக்கொண்டு, கறுக்கும் என்றேன். பிறகு வெயிலைப் பற்றி நிறையக் கேட்டார். சின்ன வயதில் எவ்வளவு நேரம், கல்யாணத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம், வேலையில் எவ்வளவு நேரம். நான் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சொன்னேன். வெயிலில் எல்லாம் இல்லை, ஷெட்டுக்குள்தான் வேலை, சின்ன வயதிலும் வீட்டோடுதான் இருந்தேன் என்று. சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பெரிய டாக்டர் முடிவைச் சொன்னார். கன்னடக்காரர், வயதானவர். அதன் பெயர் மெலனோமா (தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்களில் வரும் புற்றுநோய்). காலில் அந்த இடத்தைச் சுற்றிலும் ஆழமாக வெட்டி எடுக்க வேண்டும், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும், இடுக்கில் இருக்கும் நெறிகளையும் எடுக்க வேண்டும். நெறியில் நோய் இறங்கியிருக்கிறதா, வெறும் புண்ணுக்குக் கட்டியதா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இதையெல்லாம் கன்னடத்தில் நிதானமாகச் சொல்லிவிட்டு, "ஹெதரபேடம்மா" என்றார். பயப்படாதே என்று அர்த்தம். என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னவர்கள் ஏராளம். எந்த மொழியில் சொன்னாலும் அது எனக்குள் இறங்கியதில்லை.

வெளியே வந்ததும் நான் கேட்டது, ஏன் வந்தது என்றுதான். பெரிய டாக்டரிடம் கேட்கத் தைரியம் இல்லை. கட்டு மாற்றும் இடத்தில் யாரோ இரண்டு பயிற்சி டாக்டர்கள், வெளிநாட்டில் கடற்கரையில் படுத்து வெயிலில் வாட்டிக்கொள்வதால் இந்த நோய் வருகிறது என்று பேசிக்கொண்டார்கள். மஞ்சுளாவுக்கு அது காதில் விழவே இல்லை. எனக்கு விழுந்தது. அது போதுமானதாக இருந்தது.

அத்திப்பள்ளி தாண்டி பஸ் ஓசூருக்குள் நுழைவதற்குள் நான் வெயிலைக் குற்றவாளி ஆக்கிவிட்டேன். கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்தது, ஆடு ஓட்டிக்கொண்டு போனது, தண்ணீர்க் குடத்தோடு நடந்தது, எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் உச்சி வெயில் அடித்தது. போன வாரம் டாக்டரம்மாவிடம் இதையெல்லாம் சொல்லாமல் விட்டோமே என்று தவித்தேன்.

ஆனால் என் தவிப்பு என்னைப் பற்றியது அல்ல. சுமதிக்கு அப்போது பதினொரு வயது. கணுக்காலுக்கு மேலே அவளுக்கு ஒரு மச்சம் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் அவள்தான் முதல். பொங்கல் கழிந்து நடக்கும் தாலுகா போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் வெறுங்காலோடு மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு, முகம் கறுத்து வருவாள். அதுவரை அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், இனிமேல் ஓடக் கூடாது என்றேன். முழுக்கை சட்டை தைக்கக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்குக் குடை பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்றேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் அவள் தன் மச்சத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். அவள் அழுதாள். வீட்டுக்காரர் என்னைக் கண்டித்தார். நான் அசையவில்லை. எனக்கு வந்தது எதனால் என்று தெரிந்துவிட்டது, அதிலிருந்து மகளைக் காப்பாற்றிவிடலாம் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஆபரேஷனுக்கே போனேன்.

மார்கழி மாதம் ஆபரேஷன் நடந்தது. வலி பற்றி அதிகம் எழுத மாட்டேன். காலைவிடத் தோல் எடுத்த தொடைதான் அதிகம் எரிந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தொடையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அது சீக்கிரம் ஆறிவிடும். கால்தான் நாள் எடுக்கும். ஒட்டிய தோல் பிடித்துக்கொள்ளும்வரை அசைக்காமல் தூக்கி வைத்திருக்க வேண்டும்.

நெறிகளைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில்தான் நான் சொல்ல வந்தது நடந்தது.

மார்கழியில் பெங்களூரும் ஓசூரும் ஒன்றுதான், எலும்பு வரைக்கும் குளிரும். வார்டுக்கு வெளியே நடைபாதையின் ஒரு மூலையில் காலையில் வெயில் விழும். எழுந்து நடக்க முடிந்த நோயாளிகள் எல்லோரும் போர்வையோடு அங்கே போய் உட்காருவார்கள். என்னையும் சக்கர நாற்காலியில் வைத்து மஞ்சுளா அங்கே தள்ளிக்கொண்டு போனாள். நான் வேண்டாம் என்று கத்தினேன். அவளுக்குப் புரியவில்லை. நிழலில் நிறுத்தச் சொல்லி, சேலைத் தலைப்பால் கை கால் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த மதுரை டாக்டரம்மா வந்தார். முன்பு கேட்ட அதே கேள்விகளை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்றார்.

நான் காத்துக்கொண்டிருந்தேன் என்றே சொல்ல வேண்டும். வெயிலிலேயே வளர்ந்தேன், வெயிலிலேயே வெந்தேன் என்றேன். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் கொல்லையில்தான் கிடந்தேன் என்றேன். உச்சிப் பொழுதில் தலையில் துணி கூட இல்லாமல் ஆடு மேய்த்ததைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா நான் முடிக்கிறவரைக்கும் குறித்துக்கொண்டார். பிறகு, நான் முதல் தடவை சொன்னதைப் படித்துக் காட்டினார். வெயிலில் இல்லை, வீட்டோடு இருந்தேன், ஷெட்டுக்குள் வேலை.

"ரெண்டுமே நீங்க சொன்னதுதாம்மா."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. திட்டப்போகிறார் என்று பார்த்தேன். அவர் திட்டவில்லை. இப்படி மாறுகிறதா என்று பார்ப்பதற்காகவேதான் இரண்டு தடவை கேட்பதாகச் சொன்னார். நிறையப் பேருக்கு மாறுகிறது, நோயின் பெயரைக் கேட்டதும் மனசு பழைய நாட்களுக்குள் போய்க் காரணத்தைத் தேட ஆரம்பித்துவிடுகிறது, தேடினால் ஏதாவது ஒன்று கையில் அகப்படத்தான் செய்யும் என்றார். நான் விடவில்லை. முதலில் சொன்னதுதான் தப்பு, இப்போது சொன்னதுதான் நிஜம், வேண்டுமானால் என் தங்கையைக் கேளுங்கள் என்றேன்.

மஞ்சுளாவைக் கேட்டிருக்கவே கூடாது.

"களையெடுக்கப் போனது நானுக்கா. நீ தலைவலின்னு புங்கமரத்தடியில குந்திக்கினு இருந்தே. ஆடு மேய்ச்சதும் நானு. நீ எப்பவாவது கூட வந்தே, அவ்ளோதான்."

"என்னாடி பேசறே? நீ அப்ப சின்னப் புள்ள, ஒனக்கு என்னா தெரியும்?"

"சின்னப் புள்ளையா? அந்த ஆடு முட்டுன தழும்பு என் முட்டியிலதான் இருக்குது, ஒன் முட்டியிலயா இருக்குது?"

புடவையை முழங்கால்வரை தூக்கித் தழும்பைக் காட்டினாள். ஆட்டின் கொம்பு, ரத்தம், நான் அலறியது எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. என் முட்டி என்றே ஞாபகம் இருந்தது.

"அப்ப ஒங்க அக்கா வெயில்லயே இருந்ததில்லையா?" என்று டாக்டரம்மா அவளைக் கேட்டார்.

"இல்ல மேடம். காலையில காயறதோட சரி."

"என்னது காயும்?"

"நாங்கதான். அதோ, அவங்கள்லாம் காஞ்சிக்கினு இருக்காங்களே, அது மாதிரி."

நடைபாதையின் மூலையில் போர்வைகளோடு உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினாள். டாக்டரம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அவர்கள் ஊரில் வெயில் என்றால் ஓடி ஒளிவார்களாம். நாங்கள் போய் அதில் உட்காருவோம். ஐப்பசி பிறந்தால் மாசி முடிகிற வரைக்கும், எங்கள் பக்கத்தில் காலையில் சுவர் ஓரமாக முதுகைக் காட்டியும் முகத்தைக் காட்டியும் வெயில் காய்வது பல் விளக்குவது போல. கம்பெனியில்கூட ஷெட்டின் சிமெண்ட் தரை சில்லென்று இருக்கும் என்பதால், டீ நேரத்தில் காயில் பிரிவுப் பெண்கள் எல்லோரும் வெளியே வாய்க்கால் திட்டின் மேல் காக்கை மாதிரி வரிசையாக உட்கார்ந்து காய்வோம். வெயில் தள்ளிப்போகப் போக நாங்களும் தள்ளித் தள்ளி உட்காருவோம். எங்கள் ஊரில் காய்வதை மஞ்சுளா சொல்லச் சொல்ல டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"வெயில்ல இருப்பீங்களான்னு நான் ரெண்டு தடவ கேட்டேனேம்மா. இத ஏன் சொல்லல?"

"அது வெயில் இல்லம்மா. காயறது" என்றேன் நான்.

"சூரியனுக்கு அந்த வித்தியாசம் தெரியாதும்மா."

எங்கள் பேச்சில் வெயில் என்றால் கஷ்டம். காய்வது சுகம். கஷ்டத்தைக் கேட்டால் சொல்வோம், சுகத்தைக் கேட்டால்தானே அதைச் சொல்ல முடியும்? முதலில் வெயிலே இல்லை என்றேன், பிறகு வெயிலே எல்லாம் என்றேன். இரண்டு தடவையும், நான் நிஜமாகவே உட்கார்ந்திருந்த வெயில் மட்டும் என் வாயில் வரவில்லை.

டாக்டரம்மா என் வலது கையைப் பிடித்து ரவிக்கைக் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றினார். மேற்கையின் உள்பக்கத்தையும் முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். இரண்டும் இரண்டு ஆட்களின் தோல் போல இருந்தன. உள்பக்கம்தான் நான் பிறந்த நிறம், வெளிப்பக்கம் வெயில் கொடுத்தது, வாய் மாற்றிச் சொன்னாலும் இது மாற்றிச் சொல்லாது என்றார். மஞ்சுளாவும் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "நானும் மாநிறந்தான் மேடம், இங்க பாருங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. கட்டுப் போட்டுத் தூக்கி வைத்திருந்த என் காலைப் பார்த்தேன். உள்ளங்கால். அங்கே எப்போது வெயில் பட்டது? கொல்லையில் நின்றிருந்தாலும், ஆடு மேய்த்திருந்தாலும், திட்டில் காய்ந்திருந்தாலும் உள்ளங்கால் தரையைத்தான் பார்த்திருக்கும். இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப எதுக்கும்மா எங்கிட்ட வெயிலப் பத்திக் கேக்கறீங்க?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. காய்ந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா என் நாற்காலிப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். வெளிநாட்டில் வெள்ளைத்தோல்காரர்களுக்கு இது முதுகிலும் கெண்டைக்காலிலும் வருகிறது, அவர்களுக்கு வெயில் ஒரு முக்கியமான காரணம், இந்தக் கேள்விகள் அவர்களை நினைத்து எழுதப்பட்டவை என்றார். நம் ஆட்களுக்கு உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருவதைத்தான் இங்கே அதிகம் பார்க்கிறார்களாம்.

"இதுக்கு வெயில் காரணமா, மிதிக்கிறது காரணமா, வேற ஏதாவதான்னு எங்களுக்கே தெரியாதும்மா. தெரியாததுனாலதான் கேக்குறேன்."

நான் பிடித்துக்கொண்டிருந்த ஒன்று அந்த நிமிஷம் கையை விட்டுப் போனது. வெயில்தான் காரணம் என்றால் எனக்குக் கோபப்பட ஓர் ஆள் இருந்தது, மகளைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. குடையும் முழுக்கை சட்டையும் எதை மறைக்கப்போகின்றன?

அந்த ஒன்றை மட்டும் கேட்டேன்.

"எம்பொண்ண வெயில்ல ஓட விடலாமாம்மா?"

"விடுங்க. ஓடிட்டு வந்தப்புறம் காலத் திருப்பிப் பாருங்க. அது போதும்."

நெறிகளின் முடிவு அதற்குப் பிறகு வந்தது. நோய் இறங்கவில்லை. பெரிய டாக்டர் அதைச் சொல்லிவிட்டு மறுபடியும் "ஹெதரபேடம்மா" என்றார். மஞ்சுளா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் பயந்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இறங்கவில்லை என்றால் இன்னும் இறங்கவில்லை என்றுதானே அர்த்தம் என்று என் புத்தி வேலை செய்தது.

வீட்டுக்கு வந்தபோது சுமதியின் குடை கதவு மூலையில் சாத்தியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் குடைக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்களாம். போட்டிக்கு அவள் பெயரை ஆசிரியை இன்னும் எடுக்கவில்லை என்று வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் அவளைக் கூப்பிட்டு மடியில் காலை வைக்கச் சொன்னேன். மச்சத்தைப் பார்த்தேன். உள்ளங்காலைப் பார்த்தேன். விரல் இடுக்குகளைப் பார்த்தேன். கூச்சத்தில் நெளிந்தாள்.

"என்னாம்மா தேடறே?"

"ஒண்ணும் இல்ல. ஓடற கால் எப்பிடி இருக்குதுன்னு பாக்கறேன்."

அவள் அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு நான் கேட்காமலேயே, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டாள்.

போட்டி அன்றைக்கு மஞ்சுளாவைக் கூட்டிக்கொண்டு ஊன்றுகோலோடு மைதானத்துக்குப் போனேன். உச்சிப் பொழுது. குடையை எடுத்துப் போயிருந்தேன், அதை விரிக்கவில்லை. சுமதி வெறுங்காலோடு கோட்டில் நின்றாள். விசில் ஊதியதும் ஓடினாள். மற்றவர்கள் எல்லாம் முகத்தைப் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு எட்டுக்கும் பின்னால் எழும்பித் தெரிந்து மறையும் உள்ளங்காலை மட்டும் நான் பார்த்தேன். அவள் எத்தனையாவதாக வந்தாள் என்பதை நான் மஞ்சுளாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாவது.

அதற்குப் பிறகு நான் தேறியது மெதுவாகத்தான். அந்தக் கால் இன்றைக்கும் சாயங்காலத்தில் வீங்கும் (நெறிகளை எடுத்துவிட்டதால் நிணநீர் வடிய வழி இல்லாமல் தேங்குவது). கம்பெனியில் பெடல் இல்லாத வேலைக்கு மாற்றினார்கள். மெத்தென்ற ரப்பர் செருப்பு இல்லாமல் நடக்க முடியாது. மெஷினுக்கு முன்னால் செருப்போடு உட்கார்ந்த முதல் நாள், அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

ஒட்டிய தோல் சில மாதங்களில் கறுக்கத் தொடங்கியது. நான் ஓடிப்போய்க் காட்டினேன். ஒட்டுத்தோல் அப்படித்தான் கறுக்கும், இது அந்தக் கறுப்பு இல்லை என்றார்கள். ஆனால் போன மாதத்தைவிட இந்த மாதம் அதிகமா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஆடு யார் முட்டியில் முட்டியது என்பதே சரியாகத் தெரியாதவள் நான். பயம் அதிகமான நாளில் கறுப்பும் அதிகமாகத் தெரிகிறது. அதனால் காயிலுக்கு இடையில் வைக்கும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் ஒரு துண்டை வாங்கி வந்து, பாதத்தின் மேல் வைத்து, கறுப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்துகொண்டேன். அடுத்த மாதம் அதே தாளை அதே இடத்தில் வைத்துப் பார்த்தால் போதும். சுமதியின் மச்சத்துக்கும் ஒரு தாள் உண்டு. உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். ஞாபகத்தை வைத்து உடம்பைப் பார்க்காதீர்கள். பயந்த மனசு பழசையும் மாற்றி வைத்துவிடும்.

சில வருடங்கள் கழித்துச் சோதனைக்குப் போனபோது அந்த டாக்டரம்மா அதே ஆஸ்பத்திரியில் பெரிய இடத்துக்கு வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். கேள்விகளை மாற்றி எழுதியிருப்பதாகவும், இன்னொரு தடவை கேட்கலாமா என்றும் சிரித்துக்கொண்டே கேட்டார். வெயில் காய்வீர்களா என்று இப்போது தனியாக ஒரு கேள்வி இருந்தது. செருப்பைப் பற்றியும் வெறுங்காலைப் பற்றியும் கேள்விகள் இருந்தன. சின்ன வயதில் வெயிலில் எவ்வளவு நேரம் என்ற பழைய கேள்வியும் இருந்தது.

யோசித்துப் பார்த்தேன். புங்கமரம் தெரிந்தது. அதன் அடியில் உட்கார்ந்திருந்தது நானா, மஞ்சுளாவா என்று தெரியவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

"இதான் இதுவர நீங்க சொன்னதுலயே நம்பற மாதிரி இருக்கு" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்.

நடக்கும்போது என் தொடையின் தோல்தான் இப்போது தரையை மிதிக்கிறது. அதற்குத் தரை தெரியாது. கல்லா, ஈரமா, சூடா என்று அது எனக்குச் சொல்வதில்லை, கண்ணால் பார்த்துத்தான் கால் வைக்கிறேன். முன்பெல்லாம் வருடம் என்றால் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை. இப்போது ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவில் இருப்பதுதான் காலம். அந்த நடுவில்தான் சுமதி வயசுக்கு வந்தாள், பத்தாவது முடித்தாள், இப்போது என்னைவிட உயரமாக நிற்கிறாள்.

உள்ளங்காலைப் பார்க்க வீட்டு பல்பு வெளிச்சம் போதாது. அதனால் காலையில் வாசல் சுவர் ஓரமாக உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி இடது தொடை மேல் வைத்துத் திருப்பிப் பிடிக்கிறேன். கெலமங்கலம் ரோட்டுப் பக்கமிருந்து வெயில் நேராக வந்து விழுகிறது. பிறந்ததிலிருந்து வெயிலே பார்க்காத அந்த இடம் இப்போது தினமும் காய்கிறது. அடுத்த தடவை டாக்டரம்மா கேட்டால், இதை மறக்காமல் சொல்ல வேண்டும்.